தண்ணீர் பட்டால் விழிக்கும் மருந்து

சர்க்கரைத் தண்ணீரை மூடாமல் வைத்தால் சில நாட்களில் புளித்து நுரைத்துவிடும். சர்க்கரைகள் நிறைந்த தேனோ, பாட்டிலில் ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் கெடுவதில்லை. இந்தக் கெடாத் தன்மையைத்தான் பழைய வைத்தியர்கள் புண்ணுக்குப் பயன்படுத்தினார்கள். ஏறக்குறைய கி.மு. 1600-ஐச் சேர்ந்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற எகிப்திய மருத்துவச் சுவடி, காயத்தில் கொழுப்பும் தேனும் வைத்துக் கட்டச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதை என்ற பழைய இந்திய மருத்துவ நூலோ தேனையும் நெய்யையும் சேர்த்துப் பூசச் சொல்கிறது.

தேன் ஏன் கெடுவதில்லை? பூவிலிருந்து தேனீ உறிஞ்சிவரும் மதுவில் தண்ணீரே அதிகம். கூட்டில் தேனீக்கள் இறக்கையை விசிறி அதை வற்றவைக்கின்றன. முதிர்ந்த தேனில் மிஞ்சும் ஈரம் 18 சதவீதம் அளவுதான். அதில் விழும் கிருமியின் உடலிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படுகிறது. உப்பில் போட்ட மாங்காய்போல அது சுருங்கிப்போகிறது. தேனின் புளிப்பும் (பி.எச். அளவு 4-ஐ ஒட்டியது) பெரும்பாலான கிருமிகளுக்கு ஒத்துவராது.

ஆனால், வற்றி முடியும்வரை அந்த நீர்த்த மதுவைக் காப்பது எது? தேனீ தன் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை அதில் கலக்கிறது. அது குளுக்கோஸைப் பிரித்துக் குளுக்கோனிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. முந்தையது புளிப்பைத் தருகிறது. பிந்தையது கிருமியைக் கொல்கிறது. தேன் முதிர்ந்து கெட்டியானதும் நொதி வேலையை நிறுத்திவிடும். ஆனால் அழிவதில்லை, உறங்குகிறது.

புண்ணில் நடப்பது இதன் மறுபக்கம். புண்ணிலிருந்து கசியும் நீர் தேனை மறுபடி நீர்க்கவைக்கிறது, நொதி விழித்துக்கொள்கிறது. முதலுதவிப் பெட்டியிலுள்ள 3 சதவீதக் கரைசலோடு ஒப்பிட்டால், தேனில் உருவாகும் பெராக்சைடு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் சிறிது சிறிதாகத் தொடர்ந்து சுரப்பதால், வளரும் புதுத்தசையைப் பெரிதாகப் புண்படுத்தாமலே கிருமியை அடக்குகிறது. தேனில் கிருமியை அடக்கும் பொருள் எது என்று தெரியாதபோதே அதற்கு ‘இன்ஹிபின்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என்று 1960-களின் தொடக்கத்தில் காட்டியவர் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஜோனதன் ஒயிட்.

எல்லாத் தேனும் ஒன்றல்ல. நியூசிலாந்தின் மனுக்காத் தேனில் பெராக்சைடை நீக்கிய பிறகும் கிருமிகள் மடிவதை வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் கண்டார். மனுக்காப் பூவின் மதுவிலுள்ள ஒரு பொருள் தேனில் மெத்தில்கிளையாக்சலாக மாறுவதே காரணம் என்பது 2008 வாக்கில் உறுதியானது. தேனீயின் உடல் தன் நோய்த்தடுப்புக்காகச் சுரக்கும் டிஃபென்சின்-1 என்ற புரதமும் தேனில் இருப்பது 2010-ல் தெரியவந்தது. பல வழிகளில் ஒரே நேரத்தில் தாக்குவதால், தேனுக்கு எதிராகக் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறுவது கடினம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

தேனின் ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. 2015-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, தோலின் முழு ஆழத்துக்கும் இறங்காத தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன. காலில் நாளக் கோளாறால் வரும் நாட்பட்ட புண்களில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

மருத்துவமனைத் தேன் காமா கதிரால் தூய்மைப்படுத்தப்பட்டது. கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகள் சாதாரணத் தேனில் உயிரோடு இருக்கக்கூடும் என்பதே காரணம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஊட்டக் கூடாது என்பதும் இதனால்தான். கடைத் தேனைச் சூடாக்கிப் பதப்படுத்தியிருந்தால் நொதி சிதைந்திருக்கும். சர்க்கரைப் பாகு கலந்திருந்தால் அந்த அளவுக்கு நொதியே இருக்காது. ஆழமான காயம், சர்க்கரை நோயாளியின் கால்புண் இரண்டையும் சமையலறைத் தேனை நம்பி விடாமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.