டெங்கு: இரண்டாம் தடவை உஷார்!

"எனக்குத்தான் ஒருவாட்டி டெங்கு வந்து போயிருச்சே, இனி வராது!" என்று தெம்பாகச் சொல்லும் நண்பர்களே, டெங்கு அம்மை மாதிரி இல்லை. அந்த வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி. பிறகு வேறு வகை நுழைந்தால், பழைய எதிர்ப்புப் பொருள் அதை அழிக்காமல், ஒட்டிக்கொண்டு செல்லுக்குள்ளேயே கூட்டிப்போய் விட்டுவிடலாம். வாட்ச்மேனே திருடனுக்குக் கதவு திறந்த கதைதான்! ரத்தக்கசிவும் அதிர்ச்சி நிலையும் இரண்டாம் தடவையில் அதிகம் வருவது இதனால்தான்.

வேலூரில் 1960களிலேயே நான்கு வகையும் பிடிபட்டன. 2017-18ல் ஐ.சி.எம்.ஆர். 15 மாநிலங்களில் 5 முதல் 45 வயதுள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. நாடு முழுக்க 49 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டெங்கு வந்திருந்தது. தென் மாநிலங்களில் 77 சதவீதம்! பலருக்கு வந்ததே தெரியாது. ஆக, நமக்கு இனி வருவது இரண்டாவதாகவே இருக்கலாம்.

"மழையே பெய்யாத திருச்சுழிப் பக்கம் கொசு ஏது?" என்பீர்கள். மழை இல்லாததால்தானே டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணி பிடித்து வைக்கிறோம்! அந்த நல்ல தண்ணிதான் ஏடிஸ் கொசுவுக்கு வேணும். அதன் முட்டை, காய்ந்த தொட்டிச் சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொட்டினா மட்டும் போதாது, தேய்த்துக் கழுவணும்.

காய்ச்சல் விட்டதும் கண்டம் தாண்டியாச்சு என்று நினைக்காதீர்கள். அந்த ஓரிரு நாளில் விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே பெரியாஸ்பத்திரிதான்.