ஓவியமும் கணக்கும் ஒரே படிப்பில்



படம் நல்லா வரையறவங்களுக்குக் கணக்கு வராது என்று பலரும் நினைக்கிறாங்க. அதனால் பத்தாவது முடிந்ததும் ஏதாவது ஒன்றை விட்டுவிடணுமோ என்று எங்களில் பலருக்குப் பயம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கவும் வழி இருக்கிறது. அதுதான் டிஜிட்டல் கலை.

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 255, 255, 0 என்று கொடுத்தால் மஞ்சள் வரும். 256-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்க. 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் நிறங்கள்! நம்ம கலர் பென்சில் டப்பாவில் 12தான்.

எட் கேட்மல் என்ற அமெரிக்கருக்குச் சின்ன வயதில் கார்ட்டூன் ஓவியராக ஆசை. ஆனால் படித்ததோ இயற்பியலும் கணினி அறிவியலும். 1972-ல் தன் இடது கையை அச்செடுத்து, அதன்மேல் கட்டங்கள் வரைந்து, மூலைகளை அளந்து, கம்ப்யூட்டரில் அந்தக் கையை அசைய வைத்தார். பிறகு பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' 1995-ல் அங்கிருந்துதான் வந்தது.

சரி, இதைக் கல்லூரியில் எப்படிப் படிப்பது? அமெரிக்கக் கல்லூரிகளில் முக்கியப் பாடத்துக்கு மேஜர் என்று பெயர். அதோடு விருப்பப்பட்டு எடுக்கும் சிறிய பாடம் மைனர். நம்ம ஊர் டிகிரியில் துணைப் பாடம் இருக்கே, கிட்டத்தட்ட அது மாதிரி. டார்ட்மவுத் கல்லூரியில் டிஜிட்டல் கலையை மைனராக வைத்தார்கள். கம்ப்யூட்டர், ஓவியம், சினிமா ஆகிய துறைகள் அதில் சேர்ந்திருக்கும். இதே கல்லூரியில்தான் 1964-ல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழி பிறந்தது. அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தணும் என்பதற்காக இரண்டு கணக்குப் பேராசிரியர்கள் அதை உருவாக்கினார்கள்.

நம்மகிட்டயும் இதற்கு ஒரு பெருமை உண்டு. 1974-ல் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிரிதிவாசன் ஆகியோர் கோலத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் விதிகளாக எழுதலாம் என்று கட்டுரை வெளியிட்டார்கள். அம்மா வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் கோலத்திலும் கணக்கு இருக்கு!

கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்படாதீங்க. கிராஃப் தாளில் 16-க்கு 16 கட்டம் எடுத்து, கட்டத்துக்கு ஒரு நிறம் அடித்து, ஒரு பூவோ கிளியோ வரைந்து பாருங்க. அதுவே முதல் பாடம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பரீட்சை வந்தால் முதலில் நின்றுபோவது ஓவிய வகுப்புதான். அதைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஒரு நாளாவது கிராஃப் தாளில் படம் வரையச் சொல்லுங்க. இரண்டு வகுப்பும் நடந்த மாதிரி ஆகும்!

— 9-ஆம் வகுப்பு மாணவி