கைப்பக்குவமும் கர்டரும்

வெல்டிங் என்றதும் தெருமுனைக் கடையில் தீப்பொறி பறக்க கிரில் கேட் செய்பவர்தான் நம் நினைவுக்கு வருவார். ரயில் போகும் பாலத்தின் கர்டரிலும் அதே வேலைதான். ஆனால் அங்கே முதலில் வேண்டியது ஒரு தாள்: வெல்டிங் செய்முறைத் தாள். ரயில்வேயில் அந்தத் தாள்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் நான்.

இரும்பின் ரகம், தகட்டின் கனம், விளிம்பின் சாய்வு, எலெக்ட்ரோடு, முன்சூடு எல்லாம் அதில் இருக்கும். 500 ஆம்பியர், 30 வோல்ட், நிமிடத்திற்கு 400 மி.மீ. வேகம் என்று வையுங்களேன். ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் 2.25 கிலோஜூல் வெப்பம் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் வெப்பம் இரட்டிப்பு. மேலே வெல்டு அழகாகத்தான் தெரியும்; உள்ளே இரும்பின் குணம் மாறிவிடும்.

எழுதினால் போதாது, நிரூபிக்க வேண்டும். சோதனைத் தகட்டை அதே முறையில் வெல்டு செய்து கீற்றுகளாக அறுப்போம். ஒன்றை அறுபடும்வரை இழுப்போம். ஒன்றை 180 டிகிரி மடிப்போம். ஒன்றை மெருகேற்றி அமிலம் தடவி, வேர்வரை உருகியிருக்கிறதா என்று பார்ப்போம். என் காலத்தில் லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ.வின் ஒப்புதல் இல்லாமல் ரயில்வே கர்டரில் கை வைக்க முடியாது.

வடக்கே ஒரு தனியார் பட்டறையில் மடித்த கீற்று வாய் பிளந்தது. முதலாளிக்குக் கோபம். "இருபது வருஷக் கை, சாப்!" என்று மிஸ்திரியைக் காட்டினார். கையில் குறையே இல்லை. மழைக்காலத்தில் எலெக்ட்ரோடு பெட்டி திறந்தே கிடந்தது. ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் போய்விட்டது. அடுப்பில் 300 டிகிரியில் காயவைத்த எலெக்ட்ரோடால் அதே மிஸ்திரி செய்த அடுத்த தகடு தேறியது. ரசத்துக்குக் கைப்பக்குவம் போதும், கர்டருக்குப் போதாது.

விளையாட்டில்லை இது. மெல்போர்னில் 1961-ல் திறந்த கிங் ஸ்ட்ரீட் பாலம், 1962 ஜூலை 10 அன்று குளிர்காலக் காலையில், 45 டன் வண்டி ஏறியதும் கர்டர்கள் பிளந்து இறங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. வெல்டிங்குக்கு வெகு கவனம் தேவைப்பட்ட எஃகு அது. விசாரித்தபோது, கர்டர்கள் பட்டறையை விட்டுப் புறப்படும் முன்பே வெல்டு ஓரங்களில் விரிசல் இருந்தது தெரியவந்தது.

தாள் தேறுவது வேறு, ஆள் தேறுவது வேறு. ஐ.டி.ஐ. முடித்து வெல்டிங் வேலை தேடும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களிலும் உண்டு. அவர்களுடைய சோதனைச் சான்றிதழில் எந்த நிலையில் தேறினார்கள் என்று பாருங்கள். கிடையாக வைத்த தகட்டில் மட்டும் தேறியவரைத் தலைக்கு மேலே செய்யும் வெல்டுக்கு விடமாட்டார்கள். 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திய குழாயில் தேறினால் அது 6ஜி. குழாய் வேலைகளுக்குப் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாமலிருந்தால் பல விதிகளின்படி மறுபடி சோதனைதான். ஆகவே, செய்த வேலைக்கு மேற்பார்வையாளரிடம் அவ்வப்போது கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.