இரண்டு ஆண்டுச் சராசரி: 420 மி.மீ.

காந்திகிராமம் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 836 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக, சராசரி ஆண்டில் ஏக்கருக்கு 33 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர் காசில்லாமல் இறங்குகிறது.

சோளத்துக்கு ஒரு பட்டம் முழுக்க 450 முதல் 500 மி.மீ. போதும். நிலக்கடலைக்கு 500க்குச் சற்று மேல் வேண்டும். நெல்லுக்கு 1,200க்கு மேல். அது கிணறும் குளமும் உள்ளவர் பாடு. தாளில் பார்த்தால் சிறுமலை அடிவாரத்து மானாவாரிக் காட்டுக்கு 836 தாராளம். தாளில் மட்டும்தான். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை முன்னதாகவே வாங்கிக்கொள்கிறது. வருட மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தை நம்பி இருக்கிறது. அந்த மூன்று மாதம் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் கேள்வி.

மாநில அளவில் இரண்டு வடகிழக்குப் பருவங்களை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அளவு அப்போது 440 மி.மீ. 2015இல் பெய்தது 53 விழுக்காடு கூடுதல், அதாவது சுமார் 672. அடுத்த ஆண்டே 168. 62 விழுக்காடு குறைவு. கூட்டி இரண்டால் வகுத்தால் 420. வழக்கத்தைவிட ஐந்து விழுக்காடுகூடக் குறையவில்லை. 19 விழுக்காடு ஏற்ற இறக்கம் வரை இயல்பான மழை என்றே வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. வெள்ளமும் வறட்சியும் அடுத்தடுத்து வந்த இரண்டு வருடத்தைச் சராசரி இப்படித் துடைத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், மாவட்டக் கையேடுகளில் சராசரிக்குப் பக்கத்திலேயே மிகக் குறைந்த ஆண்டின் அளவையும் அச்சடிக்க வேண்டும்.

மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்கலாமே என்றால், எங்கே வைப்பது? திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தின் முழு உயரமே 23.5 அடி. அதற்குமேல் வருவது குடகனாற்றில் வடக்கே ஓடிவிடும். அதே ஆற்றில், வேடசந்தூர்ப் பக்கம் இருந்த அணை 1977இல் வெள்ளம் தாங்காமல் உடைந்தது. வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கிய ஊரில்தான் இதுவும் நடந்தது.

2017 ஜனவரி 10இல் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கும் இறவைப் பயிருக்கும் ஏக்கருக்கு ரூ.5,465; நெல் தவிர்த்த மானாவாரிப் பயிருக்கு ரூ.3,000 நிவாரணம். பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டைத் தாண்டியிருக்க வேண்டும்.

இந்த 3,000த்தைத் தண்ணீராக மாற்றிப் பார்ப்போம். 2016 பருவத்தில் 440க்கு 168 போக, வராமல் போன மழை 272 மி.மீ.; ஏக்கருக்கு 11 லட்சம் லிட்டர். ரூபாய்க்குச் சுமார் 367 லிட்டர் வருகிறது. அந்த விலையில் 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றுக்கு 33 ரூபாய் கொடுக்க வேண்டும். முப்பத்து மூன்று ரூபாய்க்கு லாரியின் ஹாரன்கூட அடிக்காது. (மாநில அளவை ஒரு காட்டுக்குப் பொருத்திய கணக்கு இது, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.) நிவாரணம் விதை, உரச் செலவை ஓரளவு ஈடுகட்டத்தான், மழைக்கு விலை அல்ல என்பார்கள். சரிதான். ஆனால் விவசாயி இழந்தது மழையைத்தானே?

மேலே போனால் தொகைகள் இன்னும் விலகுகின்றன. மாநிலம் மத்திய அரசிடம் கேட்டது ரூ.39,565 கோடி. கிடைத்தது ரூ.1,748.28 கோடி. நூறு ரூபாய் கேட்டவருக்கு நாலரை ரூபாய்கூட வரவில்லை.

பயிர் போன வருடத்தில்தான் போர் போடும் வண்டிக்குக் கிராக்கி. கூலி அடிக்கணக்கு, ஆழம் கூடக்கூட ரேட்டும் ஏறும், கேசிங் பைப்புக்குத் தனிக்காசு. புகை மட்டும் கிளம்பி ஈரமே காட்டாத குழிக்கும் அதே கூலிதான். ஏக்கர்க் கணக்கில் வரும் நிவாரணத்தில் அந்தச் செலவு சேராது. நகைக்கடன் ரசீதில்தான் அது தெரியும்.