குதிரைத்திறன் கூட்டும் குட்டி நெம்புகோல்: கையைக் கடிக்காமல் ராக்கர் ஆர்ம் வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குக் கிழக்கே இருக்கிறது பொமோனா. ஆண்டில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பழைய கார்களுக்கும் உதிரிபாகங்களுக்குமான சந்தை கூடும். பொழுது விடிவதற்கு முன்பே டார்ச் லைட்டும் கையுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவதுபோல, எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இரும்புத் துண்டுகளைத் திருப்பிப் பார்த்து பேரம் பேசுவார்கள்.

இப்படிப்பட்ட சந்தைகளில் கைமாறும் சாமான்களில் ஒன்று, ராக்கர் ஆர்ம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எட்டு சிலிண்டர்கள் கொண்ட பழைய ஷெவர்லே இன்ஜினுக்கு இது 16 வேண்டும். ஒரு பக்கம் நீலமும் சிவப்புமாகப் பளபளக்கும் அலுமினிய செட். அதற்குப் பக்கத்திலேயே தகட்டை அழுத்தி வளைத்த சாதாரண செட். விலையில் பல மடங்கு வித்தியாசம். பாக்கெட்டில் இருக்கும் பணமோ கொஞ்சம். எதை எடுப்பது?

தேர்வு தப்பினால் போவது வாங்கிய பணம் மட்டுமல்ல. ஓடும்போது ராக்கர் ஆர்ம் உடைந்தாலும் வால்வு போய்ப் பிஸ்டனில் மோதினாலும், மாதக்கணக்கில் சேமித்துக் கட்டிய இன்ஜினே போய்விடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இந்தச் சின்னச் சாமானுக்கு இவ்வளவு யோசிக்கிறார்கள்.

இன்ஜினுக்குள் ஓர் ஏற்றம்

கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு ராக்கர் ஆர்மைப் புரிந்துகொள்வது சுலபம். பார்க்காதவர்கள் பூங்காவில் இருக்கும் சீசாவை நினைத்துக்கொள்ளலாம். ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே இறங்கும். கேம்ஷாஃப்ட் சுழலும்போது அதன் மேடு, புஷ்ராடு என்ற மெல்லிய கம்பியை மேலே தள்ளும். கம்பி ராக்கர் ஆர்மின் ஒரு முனையைத் தூக்கும். மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். காற்றும் எரிபொருளும் உள்ளே போவதும், புகை வெளியேறுவதும் இந்த வால்வுகள் வழியாகத்தான்.

நம் ஊர் அம்பாஸடரிலும் இதே புஷ்ராடு, ராக்கர் ஆர்ம் ஏற்பாடுதான். மெக்கானிக் இன்ஜின் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜை நுழைத்து ‘டாப்பெட் அட்ஜஸ்ட்’ செய்ததைப் பார்த்தவர்களுக்கு, வரிசையாக ஆடும் அந்த இரும்புக் கைகள் நினைவிருக்கும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3,000 முறை திறந்து மூடுகிறது. அதாவது விநாடிக்கு 50 முறை. அத்தனை முறையும் இந்தக் கை ஆடியாக வேண்டும். அதுவும் வலுவான ஸ்பிரிங்கை எதிர்த்து!

மலிவான தகடு செய்த சாதனை

1955-ல் ஷெவர்லே தன் புதிய V8 இன்ஜினை அறிமுகம் செய்தது. கொள்ளளவு 265 கன அங்குலம், சுமார் 4.3 லிட்டர். ‘ஸ்மால் பிளாக்’ என்று பின்னாளில் புகழ்பெற்றது இதுதான். அதுவரை பல இன்ஜின்களில் கனமான ராக்கர் ஆர்ம்களை ஒரே நீளத் தண்டில் கோத்து வைப்பார்கள். ஷெவர்லேயோ, சகோதர நிறுவனமான பான்டியாக்கில் உருவான யோசனையை எடுத்துக்கொண்டது. எஃகுத் தகட்டை பிரஸ்ஸில் அடித்து வளைத்து ஒரு கை, நடுவில் துளை, அதில் ஒரு ஸ்டட், மேலே அரைக்கோளம்போல ஒரு குண்டு, அதை இறுக்க ஒரு நட். அவ்வளவுதான்.

செலவு குறைந்தது, எடையும் குறைந்தது. எடை குறைந்ததால் இன்ஜின் வேகமாகச் சுழல முடிந்தது. 1957-ல் கார்வெட் காரில் வந்த 283 கன அங்குல, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் 283 குதிரைத்திறன் கொடுத்தது. அதற்குள் ஆடியதும் இதே தகட்டுக் கைகள்தான்.

எனவே, ‘தகடுதானே’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. சாதாரண ரோட்டில் ஓடும் காருக்கு, மிதமான கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால், தரமான புதிய தகட்டு செட்டே போதும். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல ஸ்பிரிங்கும் ஸ்டட்டும் வாங்கலாம். பட்ஜெட்டில் இன்ஜின் கட்டுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

1.5-ஆ, 1.6-ஆ?

ராக்கர் ஆர்ம் நடுவில் சரிபாதியாகத் தாங்கப்படுவதில்லை. வால்வு பக்கத்துக் கை நீளம், புஷ்ராடு பக்கத்துக் கை குட்டை. ஸ்மால் பிளாக்கில் இந்த விகிதம் 1.5. கேம் மேடு புஷ்ராடை 7.62 மில்லிமீட்டர் தூக்கினால், வால்வு 11.43 மில்லிமீட்டர் திறக்கும். 1.6 விகிதம் கொண்ட ராக்கர் ஆர்மை மாட்டினால் அதுவே 12.19 மில்லிமீட்டர் ஆகிவிடும். இன்ஜினைப் பிரித்து கேம்ஷாஃப்டை மாற்றாமலேயே வால்வு கூடுதலாகத் திறக்கிறது. காற்று கொஞ்சம் அதிகமாக உள்ளே போகிறது. 1.6 விகித செட்டைப் பலரும் தேடுவது இதற்காகத்தான்.

ஆனால், இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. விகிதம் கூடும்போது புஷ்ராடு ஸ்டட்டுக்கு நெருக்கமாக வந்துவிடும். சிலிண்டர் ஹெட்டில் அது நுழைந்து வரும் துளையின் ஓரத்தில் உரசலாம். அப்படியானால் துளையை நீட்ட வேண்டும். ஸ்டட்டின் மீதான பாரமும் ஏறும். வால்வு திறந்திருக்கும்போது ஸ்பிரிங் 130 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.5 விகிதத்தில் மறுபக்கம் புஷ்ராடு அதைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளும். இரண்டையும் சேர்த்துத் தாங்குவது நடுவில் நிற்கும் ஸ்டட். ஆக, சுமார் 325 கிலோ!

பழைய ஹெட்களில் இந்த ஸ்டட் மரை போட்டு முறுக்கியதல்ல, வெறுமனே அழுத்திச் செருகியது. பலமான ஸ்பிரிங் போட்டால் அது மெல்ல மெல்ல மேலே பிடுங்கிக்கொண்டு வரும். விலையுயர்ந்த ராக்கர் ஆர்மைப் பலவீனமான ஸ்டட்டில் மாட்டுவது, மண் சுவரில் இரும்புக் கதவு வைத்த கதைதான். மரை வெட்டி முறுக்கும் ஸ்டட்டாக மாற்றுவதற்கான செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடையில் இருக்கும் 4 வகை

முதல் வகை, சாதாரண தகட்டு ராக்கர் ஆர்ம். இதில் ‘லாங் ஸ்லாட்’ என்று ஒன்று உண்டு. வால்வு அதிகம் திறக்கும்போது கை அதிகம் சாயும். நடுத்துளையின் ஓரம் ஸ்டட்டில் இடிக்கும். அந்த இடி விழாமல் துளையை நீளமாக வெட்டியிருப்பதுதான் லாங் ஸ்லாட். பழைய செட்டையே வைத்துக்கொள்கிறவர்கள், வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது துளை ஓரத்துக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே ஒரு பேப்பர் கிளிப் கம்பி நுழைகிறதா என்று பார்ப்பார்கள். நுழையாவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது, முனையில் மட்டும் உருளை வைத்தது. வால்வு நுனியில் தேய்மானம் குறையும். ஆனால், உராய்வும் சூடும் அதிகம் உண்டாவது நடுவில் இருக்கும் குண்டில்தான். அது இதிலும் அப்படியேதான் இருக்கிறது. ‘ரோலர்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவது, அலுமினிய முழு ரோலர். நடுவில் ஊசி பேரிங், முனையில் உருளை. உராய்வு நன்றாகவே குறையும். பந்தயக் காருக்கு ஏற்றது. ஆனால், அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு சிறிய பாரமானாலும் கோடிக்கணக்கான முறை ஏறி இறங்கினால் சோர்ந்து, ஒருநாள் விரிசல் விடும். பந்தயக்காரர்கள் அடிக்கடி கழற்றிச் சோதிப்பதால் அவர்களுக்குக் கவலையில்லை. தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு இந்தக் கணக்கு சரிப்படாது.

நான்காவது, எஃகு முழு ரோலர். அளவுக்குள் இயங்கும்வரை எஃகு அப்படிச் சோர்வதில்லை. பலமான ஸ்பிரிங், உயரமான கேம் என்று கட்டி, வருடக்கணக்கில் ரோட்டில் ஓட்ட நினைப்பவர்கள் பணம் சேர்த்து வாங்க வேண்டியது இதுதான்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

முழு ரோலர் செட்டை வாங்கியதும் வேலை முடியாது. உருவமும் நட்டும் பெரிது என்பதால் பழைய வால்வு கவர் மூடாமல் போகலாம். உயரமான கவரோ தடித்த கேஸ்கெட்டோ தேவைப்படும். புஷ்ராடின் நீளம் மாறலாம். வால்வு நுனியில் மை தடவி இன்ஜினைக் கையால் சுற்றினால், உருளை எங்கே ஓடுகிறது என்று தடம் விழும். தடம் நடுவில் குறுகலாக இருந்தால் நீளம் சரி. ஓரத்துக்கு ஒதுங்கினால் வால்வு ஒருபக்கமாகத் தேயும்.

இன்னொரு பொறி, வழிகாட்டித் தகடு. சில ராக்கர் ஆர்ம்களின் முனையிலேயே இரண்டு சிறு வரப்புகள் இருக்கும். வால்வு நுனியைவிட்டு விலகாமல் அவையே பார்த்துக்கொள்ளும். வரப்பு இல்லாதவற்றுக்குப் புஷ்ராடை நேராகப் பிடிக்க ஹெட்டின் குறுகிய துளையோ தனித் தகடோ வேண்டும். தகடு என்றால், அதில் உரசியும் தேயாத கடினமான புஷ்ராடும் வேண்டும். வரப்பும் தகடும் ஒன்றாகச் சேரக் கூடாது; ஒன்றையொன்று இழுத்துப் பறிக்கும். எதுவுமே இல்லாமலும் ஓட்டக் கூடாது.

குழந்தைகளின் களிமண் போதும்

வால்வு கூடுதலாகத் திறந்தால் பிஸ்டனில் இடிக்குமா? இதைக் கண்டுபிடிக்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணே போதும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, மறுபடி மாட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பிறகு கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை வெட்டி, மிச்சமிருக்கும் தடிமனை அளக்க வேண்டும். காற்று உள்ளே வரும் வால்வுக்குக் குறைந்தது 2 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வால்வுக்கு 2.5 மில்லிமீட்டர் என்பது இன்ஜின் கட்டுபவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் எல்லை. வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிடக் கூடாது. மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டராவது இடம் மிஞ்ச வேண்டும்.

பழைய செட் வாங்கலாமா?

தகட்டு ராக்கர் ஆர்ம் என்றால் பார்த்து வாங்கலாம். ஒவ்வொரு கையும் அதனதன் குண்டோடு சேர்ந்து தேய்ந்து பழகியிருக்கும். ஜோடி மாறினால் சீக்கிரம் கெட்டுவிடும். நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருந்தால், எண்ணெய் போதாமல் சூடேறியது என்று அர்த்தம். தொடவே வேண்டாம். அலுமினிய செட்டை, அதுவும் பந்தயத்தில் ஓடியதை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் பட்ஜெட்காரர்கள் தவிர்ப்பது நல்லது. எத்தனை லட்சம் முறை ஆடியது என்று அதன் மேல் எழுதியிருக்காது.

புதுத் தலைமுறை இன்ஜினுக்குக் கணக்கே வேறு. 1997-ல் கார்வெட்டில் வந்த LS1 இன்ஜினின் ராக்கர் ஆர்ம் வார்ப்பு எஃகு, விகிதம் 1.7. கை உறுதியானது. ஆனால், நடுவில் இருக்கும் ஊசி பேரிங்கில் ஊசிகளைப் பிடித்துவைக்கும் கூடு இல்லை. கடுமையாக ஓட்டும்போது ஊசிகள் உதிர்ந்து இன்ஜினுக்குள் விழும். இதற்காகப் 16 கைகளையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த நடுப்பகுதியை மட்டும் மாற்றும் கிட் தனியாகவே கிடைக்கிறது. முழு செட்டைவிடச் செலவு மிகக் குறைவு.

சந்தைக்குப் போகும்முன் ஒரு துண்டுச் சீட்டில் 5 விஷயங்களை எழுதி எடுத்துக்கொண்டால் போதும். கேம் மேட்டின் உயரம், ஸ்பிரிங் எவ்வளவு சுருங்கும், ஸ்டட்டின் பருமன், வழிகாட்டித் தகடு உண்டா இல்லையா, வால்வு கவருக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது. இந்த ஐந்தும் கையில் இருந்தால், பளபளக்கும் செட்டைப் பார்த்து மனம் தடுமாறாது. எல்லாவற்றையும் அளந்த பிறகு, ‘இப்போது இருப்பதே போதும்’ என்று சீட்டு சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால், பையில் பணத்தோடு வீடு திரும்புவதே அன்றைக்குச் செய்த நல்ல வியாபாரம்!