கூன் ஷோ: சிரித்தவர்களே எழுதிய பேரேடு

பிபிசி வானொலியில் 1951 முதல் 1960 வரை ஒலித்த நகைச்சுவை நிகழ்ச்சி 'தி கூன் ஷோ'. 10 தொடர்கள், 200-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். முதல் நான்கு தொடர்களின் ஒலிப்பதிவுகளில் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன. ஆனாலும் எந்த நிகழ்ச்சி எந்தத் தேதியில் வந்தது, யார் எழுதியது, எந்தப் பாத்திரம் எப்போது நுழைந்தது என்று தேடினால் பதில் கிடைத்துவிடுகிறது. அந்தக் கணக்கில் பெரும்பகுதியை உட்கார்ந்து எழுதியவர்கள் ரசிகர்கள். அரைமணி நேரம் சிரித்துவிட்டுப் போகவேண்டிய ஒரு நிகழ்ச்சிக்கு இத்தனை பதிவேடு எதற்கு?

நிகழ்ச்சி என்ன?

1951 மே 28 அன்று 'கிரேஸி பீப்பிள்' என்ற பெயரில் இது தொடங்கியது. ஸ்பைக் மில்லிகன், பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகோம்ப், மைக்கேல் பென்டைன் ஆகிய நால்வரும் இரண்டாம் உலகப் போரில் சேவை செய்து திரும்பிய இளைஞர்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஜிம்மி கிராஃப்டன் நடத்திய மதுக்கடைதான் இவர்கள் கூடும் இடம். கிராஃப்டனே தொடக்கக்காலப் பிரதிகளைத் திருத்தியும் கொடுத்தார். இரண்டாவது தொடரில் 'தி கூன் ஷோ' என்ற பெயர் வந்தது. அந்தத் தொடர் முடிந்ததும் பென்டைன் விலகிவிட, மற்ற மூவரும் கடைசிவரை நின்றார்கள்.

எழுத்தின் பெரும் சுமை மில்லிகன் தலையில். லாரி ஸ்டீபன்ஸும் எரிக் சைக்ஸும் பல நிகழ்ச்சிகளில் கைகொடுத்தார்கள். வாரம் ஒரு புதுப் பிரதி என்ற நெருக்கடியில் 1952 இறுதியில் மில்லிகனின் மனநலம் குலைந்து, அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்றாம் தொடரின் பல வாரங்கள் அவர் குரல் இல்லாமலே ஒலித்தன.

மில்லிகன் பிறந்தது 1918-இல் மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில். அவருடைய தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர். பூனாவிலும் ரங்கூனிலும் கழிந்த சிறுவயது, நிகழ்ச்சிக்குள் பல வழிகளில் கசிந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

மாறாத ஆட்கள், மாறும் கதை

ஆரம்பத்தில் தனித்தனித் துணுக்குகளாக இருந்த நிகழ்ச்சி, போகப்போக அரைமணி நேரத்துக்கு ஒரே கதை என்ற வடிவத்துக்கு வந்தது. ஒரு வாரம் பாலைவனம், மறுவாரம் வட துருவம். ஆனால் கதைக்குள் வரும் ஆட்கள் அதே ஆட்கள்தான்.

சீகோம்ப் பேசிய நெட்டி சீகூன், யார் எதைச் சொன்னாலும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடும் அப்பாவி. அவனை ஏமாற்றுவதற்கென்றே இருப்பவர்கள் இருவர்: செல்லர்ஸின் வழவழப்பான குரலில் வரும் கிரிட்பைப்-தின்னும், மில்லிகன் பேசிய மோரியார்ட்டியும். மேஜர் பிளட்நாக் இந்தியாவில் பணியாற்றிய கோழை ராணுவ அதிகாரி. குழம்புச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத வயிறு அவருக்கு. ஹென்றி கிரனும் மின்னி பானிஸ்டரும் எதையும் செய்துமுடிக்காத கிழட்டு ஜோடி. எக்கிள்ஸ் முழு மடையன். புளூபாட்டில் கீச்சுக்குரல் சிறுவன். எங்கே வெடி வைத்தாலும் அவன் தலையில்தான் வெடிக்கும், உடனே 'என்னைச் சாகடித்துவிட்டாயே' என்று கொச்சை இலக்கணத்தில் புலம்புவான்.

புளூபாட்டிலுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பிரதியில் அடைப்புக்குறிக்குள் நடிகருக்கு எழுதப்படும் குறிப்புகளையும் அவன் வாய்விட்டுப் படித்துவிடுவான். 'கைதட்டலுக்காகக் காத்திருக்கிறான்' என்று அவனே அறிவிப்பான். தட்டாவிட்டால் அந்த ஏமாற்றத்தையும் அறிவிப்பான்.

ஒரு ஜோக் எப்படித் தொடர்கதையாகிறது?

கிரிட்பைப்-தின் சீகூனைச் சந்திக்கும்போது சிகரெட் நீட்டுவது வழக்கம். ஒருநாள் சிகரெட்டுக்குப் பதில் 'ஒரு கொரில்லா எடுத்துக்கொள்' என்கிறார். சீகூன் திகைப்பதில்லை. தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாது என்று மரியாதையாக மறுக்கிறான். இன்னொரு முறை, தான் பபூன் மட்டுமே புகைப்பதாகச் சொல்கிறான்.

முதல்முறை கேட்பவருக்கு இது வெறும் உளறல். ஐந்தாம் முறை கேட்பவர், கிரிட்பைப்-தின் வாயைத் திறக்குமுன்பே சிரிக்கத் தயாராகிவிடுகிறார். இந்த முறை சீகூன் என்ன சாக்குச் சொல்லப்போகிறான் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு. சிரிப்பு அந்த வசனத்தில் இல்லை. அதற்கு முந்தைய நான்கு முறைகளில் இருக்கிறது. கேட்பவர் தன் நினைவில் ஒரு கணக்கு வைத்திருந்தால்தான் இந்த வகை ஜோக் வேலை செய்யும். ரசிகர்கள் பின்னாளில் காகிதத்தில் எழுதியது, ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்த அந்தக் கணக்கைத்தான்.

சில ஜோக்குகளுக்கு வேறு வகைக் கணக்கு தேவைப்பட்டது. ஹியூ ஜாம்ப்டன் என்றொரு கேப்டன் அவ்வப்போது வருவார். காதுக்கு மரியாதையான பெயர். ஆனால் லண்டன் கொச்சை தெரிந்த முன்னாள் சிப்பாய்களுக்கு அதில் ஒளிந்திருந்த ஆபாசம் உடனே புரிந்தது. பிபிசி மேலிடம் கவனிக்கவில்லை. இப்படிப்பட்ட பெயர்களுக்கு விளக்கம் எழுதி வைக்கவில்லையென்றால், அந்தத் தலைமுறையோடு பாதி நிகழ்ச்சி செவிடாகியிருக்கும்.

இன்னொன்று, அரங்கத்தில் நடந்தது. பார்வையாளர்களை உட்கார வைத்தே நிகழ்ச்சி பதிவானது. பதிவைக் கேட்டால் சில இடங்களில் வசனமே இல்லாமல் சிரிப்பு வெடிக்கும். மேடையில் யாரோ சேட்டை செய்திருக்கிறார்கள். வானொலியில் அது தெரியாது. அரங்கில் இருந்தவர்களின் நினைவுகளைச் சேகரித்தபோதுதான் அந்தச் சிரிப்புகளில் சிலவற்றுக்குக் காரணம் கிடைத்தது.

பதிவுகள் எங்கே போயின?

1950-களில் ஒலிநாடா விலை உயர்ந்த பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து மறுபடி பயன்படுத்துவதுதான் நடைமுறை. நகைச்சுவை நிகழ்ச்சி இன்று கேட்டு நாளை மறக்கும் சரக்காகவே கருதப்பட்டது. எதிர்காலத்தில் ஒருவர் அதைத் திரும்பக் கேட்பார் என்று நிர்வாகம் எண்ணவில்லை.

காப்பாற்றியது வணிகம். பிபிசியின் டிரான்ஸ்கிரிப்ஷன் சர்வீஸ் என்ற பிரிவு, தேர்ந்தெடுத்த நிகழ்ச்சிகளைத் தட்டுகளாக அச்சிட்டு வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. ஐந்தாம் தொடர் முதலான நிகழ்ச்சிகள் பெருமளவு நமக்குக் கிடைப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் பிரதியில் கத்தரி விழுந்தது. அன்றைய பிரிட்டிஷ் அரசியலைத் தொடும் வரிகள், விரசமாகத் தோன்றியவை, வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று கருதப்பட்டவை எல்லாம் போயின.

1957–58-இல் இன்னொரு குழப்பம் சேர்ந்தது. நான்காம் தொடரின் 14 பிரதிகளை எடுத்து, 'விண்டேஜ் கூன்ஸ்' என்ற பெயரில் புதிதாக நடித்துப் பதிவு செய்தார்கள். கதை பழையது, பதிவு புதிது. இது போதாதென்று, ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலைக் கேலி செய்த '1985' என்ற நிகழ்ச்சி 1955 ஜனவரி 4 அன்று ஒலித்து, வரவேற்பு பலமாக இருந்ததால் பிப்ரவரி 8 அன்று மறுபடி நடிக்கப்பட்டது. ஒரு பழைய டேப் கையில் கிடைத்தால் அது எந்தப் பதிவு, எவ்வளவு வெட்டுப்பட்டது என்று சொல்வதற்கே ஒரு நிபுணர் தேவை என்ற நிலை.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

முதல் வேலை, சேமிப்பு. வீட்டு டேப் ரெக்கார்டர் பரவத் தொடங்கிய காலம் அது. சில நேயர்கள் வானொலிப் பெட்டியிலிருந்து நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்தார்கள். இரைச்சல் நிறைந்த அந்த டேப்புகளில், அதிகாரபூர்வப் பிரதியில் வெட்டிப்போன வரிகள் இருந்தன.

இரண்டாவது, பட்டியல். ரோஜர் வில்மட், கிராஃப்டனோடு சேர்ந்து 1976-இல் வெளியிட்ட 'தி கூன் ஷோ கம்பேனியன்' நூல் இதில் ஒரு மைல்கல். நிகழ்ச்சியின் வரலாற்றோடு, ஒவ்வொரு நிகழ்ச்சியின் விவரமும் தேதிவாரியாக அதில் தொகுக்கப்பட்டது. அதே பத்தாண்டில் 'கூன் ஷோ பிரிசர்வேஷன் சொசைட்டி' என்ற ரசிகர் சங்கமும் இயங்கியது. செய்திமடல் வெளியிட்டு, டேப்புகளைத் தேடி, விவரங்களைச் சரிபார்த்தது. சிறுவயது முதலே தீவிர ரசிகரான இளவரசர் சார்லஸ், இன்றைய மன்னர், அதன் புரவலரானார்.

மூன்றாவது, காதால் படியெடுத்தல். எழுத்துப் பிரதியும் ஒலிபரப்பான வடிவமும் ஒன்றல்ல. மூவரும் மேடையில் வசனத்தை மாற்றுவார்கள், சிரித்துத் தடுமாறுவார்கள், பிரதியில் இல்லாததைச் செருகுவார்கள். பொறுமையாக உட்கார்ந்து கேட்டு, உண்மையில் பேசப்பட்டதை வரிக்குவரி எழுதினார்கள் ரசிகர்கள்.

நான்காவது, ஒட்டுவேலை. ஒலிப் பொறியாளர் டெட் கெண்டல், வெவ்வேறு இடங்களில் கிடைத்த பதிவுகளை ஒப்பிட்டு, வெட்டுப்பட்ட பகுதிகளைப் பொருத்தி, இரைச்சலைக் குறைத்து நிகழ்ச்சிகளை மீட்டார். பிபிசி வெளியிட்ட 'கூன் ஷோ கம்பெண்டியம்' குறுந்தகடு வரிசை அந்த உழைப்பின் விளைவு. எது முழுமை, எது குறை என்று சொல்லும் பட்டியல் முன்பே இருந்ததால்தான், எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று தேடுவது சாத்தியமானது.

விதிவிலக்குகளையும் அவர்கள் விடவில்லை. 1959 ஜனவரியில் ஒலித்த 'ஹூ இஸ் பிங்க் ஓபோ?' நிகழ்ச்சிக்கு செல்லர்ஸ் உடல்நலமின்றி வரவில்லை. அவர் ஒருவர் பேசவேண்டிய குரல்களுக்கு கென்னத் கானர், வாலன்டைன் டயல், கிரகாம் ஸ்டார்க், ஜாக் டிரெய்ன் என்று நால்வரை அழைக்க வேண்டியிருந்தது. செல்லர்ஸின் திறமைக்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

பட்டியலில் இருக்கும் சங்கடம்

எல்லாவற்றையும் எழுதிவைத்தால், இன்று சிரிக்க முடியாதவையும் அதில் வந்துசேரும். லால்காகா, பானர்ஜி என்ற இரு இந்தியர்கள் நிகழ்ச்சியில் அடிக்கடி வருவார்கள். மில்லிகனும் செல்லர்ஸும் பேசிய அந்த இழுவை ஆங்கிலம், காலனிய இந்தியாவில் வளர்ந்த ஒருவரின் காதுக்கூர்மையையும், அந்தக் காலத்து வெள்ளையரின் இளக்காரத்தையும் சேர்த்தே காட்டுகிறது. இடையில் பாடும் கறுப்பினப் பாடகர் ரே எலிங்டனின் நிறத்தை வைத்தும் ஜோக்குகள் உண்டு.

நல்ல பட்டியல் இவற்றை மறைப்பதில்லை. எத்தனை முறை, எந்தச் சூழலில், யார் குரலில் வந்தது என்று குறித்துவைக்கிறது. நிகழ்ச்சியைக் கொண்டாட நினைப்பவருக்கும் கண்டிக்க நினைப்பவருக்கும் ஒரே ஆதாரம் கிடைக்கிறது.

மல்யுத்த மேடையிலும் இதே கதை

ரசிகர்களே பேரேடு எழுதும் இந்தப் பழக்கம் பிரிட்டனோடோ 1950-களோடோ நிற்கவில்லை. அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தைப் பாருங்கள். அதுவும் நிலையான பாத்திரங்களை வைத்து நடக்கும் தொடர் நாடகம்தான். 1990-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனம் ஒரு ராட்சத முட்டையை வாரக்கணக்கில் ஊர் ஊராகக் காட்டியது. நவம்பர் 22 அன்று ஹார்ட்ஃபோர்ட் நகரில் முட்டை உடைந்தது. உள்ளிருந்து வந்தவர் வான்கோழி வேடமிட்ட ஹெக்டர் குரேரோ. 'காபிள்டி கூக்கர்' என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் பறவையைக் கூட்டம் கூச்சலிட்டே விரட்டியது.

அத்தோடு மறக்கப்பட்டிருக்க வேண்டிய பாத்திரம். ஆனால் மல்யுத்தத்தின் அபத்தங்களைத் தொகுப்பதற்கென்றே 2000-இல் தொடங்கிய 'ரெஸில்கிராப்' தளம், ஆண்டின் மோசமான சங்கதிக்குத் தரும் விருதுக்கு 'கூக்கர்' என்று பெயர் வைத்தது. தளத்தின் பெயரிலேயே ஒரு கேலி ஒலி நிகழ்ச்சியும் நடத்தியது. 2001-இல் ஹூஸ்டன் 'ரெஸில்மேனியா'வில் பழைய விசித்திர வேடங்களை வைத்து நடந்த போட்டியில் அந்த வான்கோழியும் வந்து நின்றது. பத்தாண்டுக்கு முந்தைய தோல்வியை நினைவில் வைத்திருந்த கூட்டம் இருந்ததால்தான் அது ஒரு ஜோக்காக எடுபட்டது.

இரண்டு இடங்களிலும் நடந்தது ஒன்றே. நிறுவனம் விற்கக்கூடியதை வைத்துக்கொண்டது. ரசிகர்கள் சிரித்ததை வைத்துக்கொண்டார்கள். செல்லர்ஸ் 1980-இலும் சீகோம்ப் 2001-இலும் மில்லிகன் 2002-இலும் மறைந்துவிட்டார்கள். இனிச் சந்தேகம் கேட்க ஆளில்லை, பேரேடுதான் உண்டு.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். 1955 அக்டோபரில் வந்த 'நெப்போலியன்ஸ் பியானோ' நல்ல நுழைவாயில்: ஐந்து பவுண்டுக்கு ஒரு பியானோவை ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாற்ற ஒப்பந்தம் போடும் சீகூன், முதல் அறை பாரிஸில் இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறான். அடுத்து 1957-இல் வந்த 'தி மிஸ்டீரியஸ் பஞ்ச்-அப்-தி-காங்கர்'. மணி என்ன என்று புளூபாட்டில் கேட்க, காலையில் ஒரு நல்ல மனிதர் நேரத்தை எழுதிக்கொடுத்த காகிதத்தை எக்கிள்ஸ் எடுத்துப் பார்க்கும் காட்சி அதில்தான். இப்படி ஐந்தாறு நிகழ்ச்சிகள் கேட்டு முடித்ததும், கொரில்லாவை இதற்குமுன் எங்கோ கேட்டோமே என்று தோன்றும். பேரேட்டைத் திறக்க அதுதான் சரியான நேரம்.