கம்ப்யூட்டரையும் தூசி தட்டலாம், வாங்க!

சீலிங் ஃபேனில் அழுக்குப் படிந்தால் ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்கிறோம். ஃபிரிட்ஜை நகர்த்தி அதன் பின்னால் பெருக்குகிறோம். ஹால் மூலையில் மேஜைக்கடியில் நிற்கிற கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் ஆயுத பூஜையன்று மேலோடு துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உள்ளே எட்டிப் பார்க்கவே ஒரு பயம். "ஐயோ, அது அவர் சமாச்சாரம், நான் தொட்டு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று ஒதுங்கிக்கொள்கிற பெண்கள்தான் அதிகம். அந்த 'அவரும்' திறப்பதில்லை என்பது வேறு விஷயம்!

என் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். "அக்கா, தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போடத் தெரியுதில்லே? இது அதைவிட சுலபம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். அன்றிலிருந்து போகிக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை என்று வழக்கமாகிவிட்டது. ஆடிக் காற்று கொண்டுவந்து கொட்டுகிற புழுதி ஆயுத பூஜைக்குள் பெட்டிக்குள் சேர்ந்துவிடும். அதனால் இந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது.

சென்ற கோடையில் மாடி வீட்டுப் பெண் முகம் வாடி வந்து நின்றாள். 2020-ல் ஊரடங்கு நேரத்தில், மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர். மகள் இப்போது கல்லூரிக் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மதியம் ஆனால் மாவு மில் மாதிரி இரைச்சல் போடுகிறதாம், பிறகு பட்டென்று தானே அணைந்துவிடுகிறதாம். பார்க்க வந்த மெக்கானிக், திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

"சின்னவன் ஸ்கூல் ஃபீஸுக்குன்னு சீட்டு கட்டிட்டு வரேங்க்கா. அதை எடுத்துடலாமான்னு இருக்கு" என்றாள்.

"அவசரப்படாதேம்மா. ப்ராஜெக்டை முதல்லே பென் டிரைவ்லே எடுத்து வைக்கச் சொல்லு. காலையிலே பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய்ப் பார்ப்போம்" என்றேன்.

ஏன் இரைகிறது, ஏன் அணைகிறது? பெட்டிக்குள் முக்கியமான ஒரு சிப் இருக்கிறது. பிஸ்கட் அளவுகூட இல்லாத அதுதான் உண்மையான சி.பி.யு.; நாம் மொத்தப் பெட்டியையே அந்தப் பெயரால் கூப்பிடுகிறோம்! வேலை செய்யச் செய்ய அது சுடும். சூட்டை வாங்கிக்கொள்ள மேலே மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கியிருக்கும். அவற்றின் மேல் ஒரு சின்ன ஃபேன். தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்தால் காற்று புகாது. ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். அதுதான் அந்த இரைச்சல். சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பெரும்பாலான சிப்புகள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். வெயில் காலத்து மதியத்தில் இது அதிகமாவதில் ஆச்சரியமில்லை.

மாடிக்குப் போகுமுன் அவளுடைய ஏழு வயதுப் பையனைப் பாட்டியுடன் கீழேயே இருக்கச் சொன்னேன். அவனுக்கு அடிக்கடி இழுப்பு வரும். வீட்டுத் தூசியில் நூல் இழை, உதிர்ந்த தோல், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் எல்லாம் உண்டு. இழுப்பைக் கிளப்ப அது போதும். இந்த வேலையைப் பூட்டிய அறைக்குள் செய்யவே கூடாது. நாங்களும் மாஸ்க் போட்டுக்கொண்டோம்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, எல்லா வயரையும் கழற்றியாயிற்று. எது எங்கே இருந்தது என்று முன்கூட்டியே ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தடுமாற வேண்டாம். பருத்திப் புடவை அல்லது பருத்தி நைட்டி நல்லது. பட்டும் நைலானும் உரசி மின்சாரம் உண்டாக்கும். நமக்குத் தெரியாத அந்தச் சின்ன அதிர்ச்சியே சிப்பைக் கெடுக்கலாம். வளையலைக் கழற்றி வைத்து, பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

பின்பக்கம் இரண்டு திருகு. பக்கத் தகடு கழன்றதும், "அடியம்மா!" என்றாள் அவள். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு வைத்த மாதிரி தூசி. சமையலறைக்கு எதிரே இருந்த பெட்டி அல்லவா? தாளிப்புப் புகையில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புதிய பெயின்ட் பிரஷ் ஒன்று, ஓர் அங்குல அகலத்தில், மென்மையான முடி உள்ளது போதும். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்ட வேண்டும். சுழல விட்டால் அதன் அச்சு கெடலாம். இடுக்குகளுக்குக் கேமராக் கடையில் விற்கிற ரப்பர் பந்து ஊதுவானை வைத்து ஊதலாம். விறகடுப்பு ஊதுகிற மாதிரி வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். ஈரத்துணி உள்ளே போகவே கூடாது. வேக்குவம் கிளீனரும் வேண்டாம்; அதன் பிளாஸ்டிக் குழாயிலும் உரசல் மின்சாரம் உண்டாகும்.

பவர் வயர் செருகுகிற இடத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அதன் கம்பி வலையை வெளியிலிருந்து பிரஷ்ஷால் தட்டுவதோடு சரி, திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அலுமினியத் தகட்டையும் பிடுங்க வேண்டாம். அதற்கடியில் ஒரு பசை உண்டு, கழற்றினால் புதிதாகப் பூச வேண்டும். அது மெக்கானிக் வேலை.

மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி மின்னும். கடிகாரம் ஓடுவதற்காக இருப்பது. பெரும்பாலும் 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம். தேதியும் நேரமும் பின்னால் போனால்தான் அதை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றினால் பழையதை மேஜைமேல் வைத்துவிடாதீர்கள். தவழும் குழந்தை வாயில் போட்டு, அது தொண்டைக்குக் கீழே சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி தீர்ந்துபோனதுதானே என்று நினைக்கக் கூடாது, அதுவும் அபாயம்தான். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே, குழந்தை சும்மா விளையாடிக்கொண்டிருந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

எங்கள் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அன்று மதியம் வழக்கமான நேரம் தாண்டியும் கம்ப்யூட்டர் அணையவில்லை. ராத்திரி வரை ப்ராஜெக்ட் வேலை நடந்தது. சீட்டுப் பணம் சீட்டிலேயே இருக்கிறது. எல்லாக் கோளாறும் தூசியால் வருவதில்லை. சுத்தம் செய்தும் அணைந்தால் நல்ல மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் திறந்து பார்க்காமலே புதுசு வாங்கச் சொல்கிறவருக்குச் சீட்டுப் பணத்தைக் கொடுப்பானேன்?

பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு மனை மேலாவது வைத்தால் துடைப்பத் தூசி நேராக உள்ளே போகாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். பொட்டு வைக்கும்போது காற்று ஓட்டைகளை விட்டுவிட்டு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்! மூடித் திருகிய பிறகு பிளக்கைச் செருகி, முதல் ஐந்து நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். 'டர்ர்' என்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு வயர் ஃபேனில் உரசுகிறது. உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அந்த வயரை ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.